சுண்ணாம்பு மாஸ்டரின் இடது காது

வெயிலுக்குப் பயப்படுவதில் எங்கள் சுண்ணாம்பு மாஸ்டரை மிஞ்ச திருப்பூர் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் துணி வெட்டும் மாஸ்டராக வேலை பார்த்தது என் பனியன் கம்பெனியின் கட்டிங் ரூமில். அங்கே இருப்பது ஒரே ஜன்னல். அதையும் துணி ரோல்கள் அடைத்துக்கொண்டிருக்கும். சூரியனே வழி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

நாலாங்கிளாஸைத் தாண்டாதவன் நான். அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைக் குடத்துக்கு பாலிஷ் போட்ட கை இது. இன்றைக்கு நான் அனுப்பும் பனியனை வெள்ளைக்காரன் மாட்டிக்கொண்டு திரிகிறான். ஓர் ஆள் வாசல்படி ஏறும்போதே எடை போட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்ட நானே தடுமாறியது இந்த ஒருத்தரிடம்தான்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். கன்னத்தில் கறுப்பாக மங்கு விழுந்ததென்று டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்து மாஸ்டரின் சட்டைப் பையில் ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் குடியேறியது. வந்ததும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, பொங்கலுக்குச் சுவரடிப்பது போல முகத்தில் அடிப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடுத்த கோட்டிங். சுண்ணாம்பு என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

"ஏனுங்க மாஸ்டர், இங்க எங்கீங்க வெயிலு?" என்று கேட்டேன்.

"ட்யூப்லைட் இருக்குல்லா மொதலாளி?"

"அது நான் வாங்கிப் போட்ட லைட்டுங்க. உங்களையெல்லாம் சுடாதுங்க."

"வீட்டுக்குள்ள இருந்தாலும் பூசணும்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. இருட்டில் அந்த வெள்ளை முகம் மட்டும் மிதந்து வந்ததைப் பார்த்து, அயர்ன் போடும் ஒடிசாக்காரர் "பூத்! பூத்!" என்று அலறி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். மாஸ்டரும் குனிந்து, "பேயா? எங்க? எந்தப் பக்கம்?" என்று அவரோடு சேர்ந்து தேடினார்.

இதுவரை சிரிப்புத்தான். அப்புறம் வந்தது கறுப்பு டி-சர்ட் ஆர்டர்.

செக்கிங்கில் இருக்கும் சரசக்கா வெட்டின துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சாமி, இதப் பாருங்க! பண்டலுக்குப் பண்டல் வெள்ளையா கட்டவிரல் ரேகைங்க!"

மோப்பம் பிடித்தேன். மாஸ்டரின் முக வாசனை. சரக்கு வாங்கும் பையரின் ஆள் பார்த்தால் ஆர்டரே திரும்பிவிடும். கட்டிங் ரூமுக்குப் போனேன். கொதிக்கிற கோபத்திலும் 'ங்க' போடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"ட்யூப இங்க வைங்க. இனி இது என் கம்பெனிக்குள்ள வரப்படாதுங்க. வந்துச்சுன்னா நீங்களும் வர வேண்டாமுங்க."

ட்யூபை என் கையில் வைத்தார். வெள்ளைக்கும் கீழே அவர் முகம் வெளுத்தது. "மொதலாளி, ஞாயித்துக்கெழம வந்து எல்லாத்தையும் மறுபடி வெட்டித் தாரேன். ட்யூப மட்டும் பிடுங்காதிய."

அப்போது அவர் போன் அடித்தது. மகள், வீடியோவில்.

"அப்பா, பூசுனியளா? மூஞ்சியக் காட்டுங்க. ஐயோ, இடது காது! தெனமும் அந்தக் காத மட்டும் எப்படிப்பா விடுவிய? அது என்ன இரவல் காதா?"

"மறந்துட்டேம்மா."

"நாளைக்கும் மறப்பிய. சாப்டாச்சா? சரி, டியூட்டிக்கு நேரமாச்சு, வைக்கேன்."

போனை வைத்த மாஸ்டரின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேர்வையில் கிரீம் வழிந்திருந்த கன்னத்தை உற்றுப் பார்த்தேன். "மங்குதான் மறைஞ்சு போச்சே மாஸ்டர்?"

"அது போயி ரொம்ப நாளாச்சு மொதலாளி. அவகிட்ட சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "அவ அம்மை இருக்கையில, போனை அவ கையில குடுத்துட்டு நான் தள்ளிப் போயிருவேன். புள்ளகிட்ட என்ன பேசன்னு எனக்குத் தெரியாது. இப்பம் இந்தக் கிரீம் இருக்கு. அவ கேக்கா, நான் சொல்லுதேன். முழுசா பூசிட்டா 'சரிப்பா'ன்னு ஒடனே வச்சிருவா. காத விட்டா கொஞ்ச நேரம் ஏசுவா."

முடிவெடுக்க எனக்கு ஆலோசகர் யாரும் தேவைப்பட்டதில்லை. சாயங்காலத்துக்குள் கட்டிங் ரூம் வாசலில் ஒரு வாஷ்பேசின், சோப்பு. ட்யூபைத் திருப்பிக் கொடுத்தேன். "கையக் கழுவிட்டுத் துணியத் தொடுங்க. மூஞ்சி உங்களுதுங்க."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் வெட்டிக் கொடுத்தார். ஆர்டர் தப்பியது.

போன வருஷம் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். கிளம்பும்போது ஒரு புது ட்யூபை என் மேஜையில் வைத்தார். "ஏசி ரூம்னாலும் கண்ணாடி வழியா வெளிச்சம் அடிக்கும்லா மொதலாளி."

இப்போது கட்டிங் ரூமில் வெள்ளை முகம் இல்லை. என் வீட்டுக்கு நான்கு மாடி, லிஃப்ட் கூட உண்டு. மேல் மாடியில் இருக்கும் என் மகன் தினமும் வாட்ஸ்அப்பில் தாமரைப் பூப் போட்டு காலை வணக்கம் அனுப்புகிறான். என் மனைவி தவறிய பிறகு கீழே நான் மட்டும்தான்.

ஞாயிறானால் அயர்லாந்திலிருந்து போன் வரும்.

"மொதலாளி, பூசுனியளா? மூஞ்சியக் காட்டுங்க. அட, இடது காத விட்டுட்டியளே!"

"மறந்துட்டனுங்க மாஸ்டர்."

அவர் ஏச ஆரம்பிப்பார். நான் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

எதையும் மறக்காத ஆள் என்று ஊருக்குள் எனக்குப் பெயர்.