கொலுசுக் கிணறு ரசிகர் மன்றமும் குரல் கொடுத்த மந்தியும்

ஒரு காட்டில் பயப்படுவதற்கு நிஜமாகவே காரணம் இருந்தது. அது போதவில்லை என்று அங்கே இருந்த மிருகங்கள் பேய்ப்படம் பார்க்க ஆரம்பித்தன.

காட்டின் ஓரத்தில் வனத்துறை பங்களா ஒன்று உண்டு. அதன் காவலாளி சாயங்காலமானால் ஜன்னலைத் திறந்து வைத்து டிவி போடுவார். ஒருநாள் அதில் ‘கொலுசுக் கிணறு’ என்று ஒரு பேய்ப்படம் ஓடியது. அந்தப் பக்கம் மேய வந்தவர்கள் மேய்ச்சலை மறந்து நின்று பார்த்தார்கள். ஒரு வீடு, ஒரு கிணறு, தண்ணீர் எடுக்க வரும் ஒரு குழந்தை, கிணற்றுக்குள்ளிருந்து கொலுசுச் சத்தம். அவ்வளவுதான் கதை. கொஞ்ச நாளில் இரண்டாம் பாகமும் வந்தது. அதையும் பார்த்தார்கள். பிறகு காவலாளிக்கு மாற்றல் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டார். படம் போச்சு. பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பேச்சுக்காகவே ரசிகர் மன்றம் வைத்தார்கள். தினமும் சாயங்காலம் குட்டைக்கரையில், நாவல் மரத்தடியில் கூட்டம். தலைவர் கடம்பன் என்ற கடமான். கொம்பு பெரியது. அதற்கு மேல் தகுதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. பொருளாளர் பூவராகன் என்ற காட்டுப்பன்றி. மன்றத்துக்குப் பொருள் என்று ஒன்றும் கிடையாது. அதற்காகப் பொருளாளர் இல்லாமல் ஒரு மன்றம் இருக்க முடியுமா. விமர்சகர் நீலமேகம் என்ற முயல்.

நீலமேகம் விமர்சகர் ஆனதற்கு மட்டும் ஒரு நியாயம் இருந்தது. முயலுக்குத் தூங்கும்போதுகூடக் கண் திறந்தே இருக்கும். மற்றவர்கள் பேய் வருகிற இடத்தில் எல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். ஆக, படத்தை முழுசாகப் பார்த்தவர் நீலமேகம் ஒருவர்தான். மற்றவர்கள் பார்த்தது பேய் இல்லாத இடங்களை. ஆனாலும் பேயைப் பற்றி எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

“முதல் பாகம் மாதிரி வரவே வராதுய்யா,” என்பார் கடம்பன், வாயில் புல்லை அசைபோட்டுக்கொண்டே. “அதுல ஒரு டோன் இருந்தது. சீரியஸ் டோன். ரெண்டாம் பாகத்துல பேயைக் குத்தாட்டம் ஆட விட்டுட்டாங்க.”

“எனக்கு அதுதான் தலைவரே புடிச்சுது,” என்பார் பூவராகன். “பகல் பூராக் கிழங்கு தோண்டிட்டு வர்றவன் கொஞ்சம் சிரிக்க வேணாமா?”

“சிரிக்கணும்னா குட்டையில உம்ம மூஞ்சியைப் பாரும். அதுக்கு எதுக்குப் பேய்?” என்பார் நீலமேகம்.

மேகலை என்ற புள்ளிமானுக்கு வேறு வருத்தம். “பாவம்ணே அந்தப் பொண்ணு. நிலத்தைப் புடுங்கிக்கிட்டுக் கிணத்துல தள்ளிட்டாங்க. பேய்னாலும் அவ பக்கம் ஒரு நியாயம் இருக்குல்ல. ஃப்ளாஷ்பேக் வந்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“அங்கதான் படம் படுத்துடுச்சு,” என்றார் நீலமேகம். “பேய் எதுக்கு வருதுன்னு தெரியக் கூடாது மேகலை. எப்ப வரும்னும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது பேய் இல்ல, விருந்தாளி.”

இப்படிப் பேசிப் பேசி, இரண்டு பாகங்களும் சரியில்லை, இதை நாமே ரீபூட் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

“ரீமேக்குன்னு சொல்லுங்க,” என்றார் பூவராகன்.

“ரீமேக் வேற, ரீபூட் வேற. ரீமேக்னா அதே கதையை வேற ஆளுங்க எடுக்கறது. ரீபூட்னா, முன்னாடி நடந்தது எதுவுமே நடக்கலைங்கற மாதிரி முதல்லேருந்து ஆரம்பிக்கறது.”

“அது எப்படி நீலமேகம், நடந்தது நடக்கலைன்னு இருக்க முடியும்?”

“ரசிகனா இருந்தா முடியும்,” என்றார் நீலமேகம்.

இத்தனை பேச்சு கீழே நடக்கும்போது நாவல் மரத்தின் உச்சியில் அஞ்சலை என்ற மந்தி உட்கார்ந்திருப்பாள். அவள் படம் பார்த்ததில்லை. அவள் வேலை வேறு. நாலு திசையும் பார்த்துக்கொண்டிருப்பாள். புல்லுக்குள் சிறுத்தையின் வால் தெரிந்தால் ‘கெக் கெக்’ என்று கத்துவாள். கீழே இருப்பவர்கள் ஓடித் தப்பித்துக்கொள்வார்கள். இதற்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. காலையில் சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, “இன்னிக்கும் சிறுத்தையை என் கண்ணுல படவை சாமி” என்று கேட்டுக்கொள்வாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

அந்தக் காட்டுச் சிறுத்தையின் பெயர் சாந்தமூர்த்தி. அஞ்சலை மரத்தில் இருந்தவரைக்கும் அவர் அந்தக் கரையில் வயிறாரச் சாப்பிட்டதே இல்லை.

ஒரு சாயங்காலம் கடம்பன் கிணற்றுக் காட்சியைத் தம்மைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியாது என்பதுபோல விவரித்துக்கொண்டிருந்தார். “தண்ணி அசையல. காத்து அசையல. அந்தக் குழந்தை மெல்ல எட்டிப் பார்க்குது...” என்று சொல்லி நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ‘கெக் கெக்’ என்று சத்தம். கூட்டம் சிதறி ஓடியது.

எதிர்க்கரைப் புல்லுக்குள்ளிருந்து மரியாதையான குரல் ஒன்று கேட்டது. “மன்னிக்கணும். நானும் ரசிகன்தான். விமர்சனம் கேக்கலாம்னு வந்தேன். என்னால உங்க காட்சி கெட்டுப்போச்சு.”

ஓடியவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நீலமேகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரசிகர்கள்ல சைவம் அசைவம் பார்க்கக் கூடாது” என்றார். சாந்தமூர்த்தி அன்றைக்கே உறுப்பினர் ஆனார். பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டபோதும், “வேணாங்க, இங்கேயே சௌகரியம்” என்று புல்லுக்குள்ளேயே இருந்துகொண்டார். எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் சொன்ன யோசனைகளும் அப்படித்தான் இருந்தன. கொலுசு வேண்டாம். பின்னணி இசை வேண்டாம். பேய் முன்னறிவிப்பு இல்லாமல் வர வேண்டும். வந்தது யாருக்கும் தெரியக் கூடாது.

“இதைத்தானே நான் இத்தனை நாளாச் சொல்றேன்,” என்றார் நீலமேகம். அவர் கண் கலங்கிவிட்டது.

“பேயா யாரு நடிக்கறது?” என்று கேட்டார் கடம்பன்.

“உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா நானே பண்றேன்,” என்றார் சாந்தமூர்த்தி.

“சம்பளம் என்ன எதிர்பார்க்கறீங்க?”

“கலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவேனா. சாப்பாடு மட்டும் போதுங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சாந்தமூர்த்தி கொஞ்சம் தயங்கி, “ஒண்ணே ஒண்ணு. மேல இருக்கற அந்தம்மா முன்கூட்டியே கத்திடறாங்க. அப்புறம் என்ன சுவாரஸ்யம்?” என்றார்.

அப்போதுதான் மன்றத்துக்கே உறைத்தது. இத்தனை வருஷமாக அஞ்சலை செய்துகொண்டிருந்தது ஸ்பாய்லர். யார் வருகிறார், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எல்லாவற்றையும் முன்னாடியே சொல்லிவிடுகிறாள்.

கடம்பன் மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சலை, இனிமே நீ கத்தக் கூடாது. மன்றத்துத் தீர்மானம்.”

“ஐயா, வர்றது சிறுத்தைங்க.”

“பாத்தியா, இப்பவும் சொல்ற.”

“வேணும்னு செய்யலைங்க. கண்ணு பார்த்தா வாய் தானாக் கத்திடுது.”

“அப்ப கண்ணை மூடிக்க. நாங்க எல்லாரும் மூடிக்கலையா? கத்தினா மரத்தை விட்டு எறங்கிட வேண்டியதுதான்.”

ரீபூட்டின் முதல் காட்சியில் தண்ணீருக்கு வரும் குழந்தையாக மேகலையின் மகள் பொட்டு என்ற குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேகலைக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிற மான்களிடம் எல்லாம், “எம்பொண்ணுக்குத்தான் முதல் சீன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். காட்சி நடக்கிற அன்று மத்தியானம் மட்டும் அவள் மேயப் போகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நாவல் மரத்தடிக்கு வந்தாள்.

“அக்கா, சாப்ட்டியா?”

“ஆச்சு. நீ எதுக்கு வந்தேன்னு சொல்லு.”

“ஒண்ணுமில்லக்கா. மன்றம் சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும்... இன்னிக்கு லேசா ஒரு குரல் குடுப்பியா? எனக்கு மட்டும் கேக்கற மாதிரி.”

“எனக்கு மெதுவாக் கத்தத் தெரியாதே மேகலை.”

மேகலை இரண்டடி போய்த் திரும்பினாள். “நான் வந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மன்றம் கூடியது. பொட்டு ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தது. தண்ணீர் அசையவில்லை. காற்று அசையவில்லை. எதிர்க்கரைப் புல் மட்டும் அசைந்தது. உடனே, பழக்கதோஷம், எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மேகலையும் மூடிக்கொண்டாள். திறந்திருந்தவை நீலமேகத்தின் கண்ணும் அஞ்சலையின் கண்ணும்தான்.

நீலமேகம் பார்த்தார். வால் தெரிந்தது, முதுகு தெரிந்தது, பதுங்கிய கால் தெரிந்தது. ‘என்ன ஒரு ஃப்ரேம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அஞ்சலையும் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “சாமி, இந்த வாயை நீ பாத்துக்க” என்று வேண்டிக்கொண்டாள். சாமி பார்த்துக்கொண்டது. கை தானாக விலகி, காடே அதிரும்படி ‘கெக் கெக்’ என்று கத்திவிட்டாள்.

பொட்டு ஒரே துள்ளலில் கரையேறி அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. பாய்ந்த சாந்தமூர்த்தி குட்டைக்குள் விழுந்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே. “கிளைமாக்ஸே போச்சு,” என்றார் கடம்பன். “இனிமே எப்படிப் பயம் வரும்?” என்றார் பூவராகன். “என் வாழ்நாள்ல பார்த்த சிறந்த ஷாட்டு. முடியறதுக்குள்ள கெடுத்துட்டா,” என்றார் நீலமேகம். சாந்தமூர்த்தி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து எழுந்து, “பரவாயில்லைங்க. அந்தம்மாவுக்கு ரசனை இல்ல, அவ்வளவுதான். மறுபடியும் ரீபூட் பண்ணிக்கலாம்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

அஞ்சலையை மரத்தை விட்டு இறக்க வேண்டும் என்பவர்களை ஓட்டுக்குக் காலைத் தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். கடம்பன் மேகலையைப் பார்த்தார்.

“நீ என்னம்மா சொல்ற? உன் பொண்ணோட காட்சிதான் கெட்டுது.”

பொட்டு அம்மாவின் வயிற்றுக்கடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேகலை, “ஆமாங்க, முதல் சீனே கெட்டுப்போச்சு” என்றாள். சொல்லிவிட்டுக் காலைத் தூக்கினாள். அவளைத் திட்டாதீர்கள். நாலு பேர் நடுவில் நிற்கும்போது கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது.

அஞ்சலை இறங்கிக் குன்றுக்கு அந்தப் பக்கம், குட்டை கண்ணில் படாத ஒரு மரத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் அந்த மரத்தடியில் ஒரு புள்ளிமானும் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. “அக்கா, சாப்ட்டியா?” என்றாள் மேகலை.

குழந்தை வேஷத்துக்கு ஆள் இல்லை என்று ஆனதும், கதை நின்றுவிடக் கூடாதே என்று கடம்பனே நடிக்க முன்வந்தார்.

“இவ்வளவு பெரிய கொம்போட குழந்தையா? சிரிப்பு வராதா தலைவரே?” என்றார் பூவராகன்.

“சீரியஸ் டோன்ல பண்ணா வராது.”

கடம்பன் தண்ணீருக்குப் போனார். புல் அசைந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். திறந்து பார்த்தபோது தலைவர் இல்லை. பிறகு கைதட்டல் காட்டைப் பிளந்தது.

“இதுதாய்யா பேய்ப்படம்,” என்றார் நீலமேகம். “வந்ததும் தெரியல, போனதும் தெரியல. அஞ்சுக்கு நாலரை. தலைவர் இடைவேளைக்கு முன்னாடியே போயிட்டதால அரை மார்க்கு குறைச்சிருக்கேன்.”

“தலைவர் எங்க?” என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

“பாத்திரத்தோட ஒன்றிட்டார்,” என்றார் நீலமேகம்.

சாந்தமூர்த்தியையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் வாய் ஒழிவாக இல்லாததால் புல்லுக்குள்ளிருந்து வாலை மட்டும் ஆட்டினார்.

மறுநாளும் ரீபூட் செய்தார்கள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு சாயங்காலமும், முன்னாடி நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கரையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தரமான படத்துக்குக் கூட்டம் குறைவாகத்தான் வரும் என்று நீலமேகம் விளக்கினார். அவரைச் சாந்தமூர்த்தி தொடவில்லை. ஒரு கலைஞனுக்குப் பாராட்ட ஆள் வேண்டுமே. தவிர, ஒரு வாய்க்குக்கூடக் காணாத உடம்பு.

ஒரு மத்தியானம் பூவராகன் குன்று ஏறி அஞ்சலையின் மரத்தடிக்கு வந்தார். அப்போது அவர்தான் தலைவர். விமர்சகரைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

“சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்,” என்றார்.

“வாங்கய்யா. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். இன்னிக்கு என்னைத்தான் நடிக்கச் சொல்லியிருக்காங்க.” அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். “அஞ்சலை, நீ அந்த மரத்துல அத்தனை வருஷம் இருந்தவ. லேசா ஒரு கோடு காட்டேன். எனக்கு என்ன ஆகும்?”

அஞ்சலை வாயைத் திறந்தாள்.

“இரு இரு, முழுசாச் சொல்லிடாதே. முடிவை மட்டும் விட்டுடு.”

“அதுல முடிவு மட்டும்தான்யா இருக்கு,” என்றாள் அஞ்சலை.

பூவராகன் முகம் சுருங்கிவிட்டது. “ச்சே. சொல்லிட்டியே. உன்னை எறக்கினதுல தப்பே இல்ல,” என்றார்.

அவர் இறங்கிப் போகிற வழியெல்லாம் அஞ்சலை கத்திக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டு காதையும் மடக்கிக்கொண்டு, காட்சிக்கு நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்தார்.

நீதி: ஆபத்து வருகிறது என்று யாரையும் எச்சரித்துவிடாதீர்கள். அவர்கள் அதற்குத்தான் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.