எங்க வீட்டு ஜெபக் கூட்டமும் ஜெஃப்ரினுக்க விசாவும்

கடியப்பட்டணம்,
அக்டோபர் 2009

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் என் பாசமுள்ள ஞானசெல்வி சித்திக்கு, உங்கள் அக்காள் ராகேலின் மகள் அபினா பணிவோடு எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் தனித்தனியாக நலம், சேர்ந்து இல்லை.

உங்கள் தம்பி ஆபேல் மாமாவின் கல்யாணப் பந்தியில் அப்பாவுக்கு மட்டும் கறி வைக்க மறந்ததும், அப்பா பாதியில் எழும்பிப் போனதும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பாவும் அம்மையும் பேசிக்கொள்வதில்லை. அப்பா சாப்பிடும்போது, "ஏட்டி அபினா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்பார். அம்மை பக்கத்தில்தான் நிற்பாவ. நான் திரும்பி, "அம்மா, உப்பு இல்லையாம்" என்பேன். "நாக்கு நல்லா இருந்தா உப்பு தெரியும்னு சொல்லு" என்று அம்மை சொல்லுவாவ, அதையும் நான்தான் சொல்லணும். இப்படி நாள் முழுக்க பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது சித்தி, ஆனா எனக்குன்னு யாரும் ஒரு வார்த்தை பேசல்ல. பிளஸ் டூ படிக்கியே, பரீட்சை எப்பன்னுகூட கேக்கல்ல.

கேட்டது ஜெஃப்ரின் ஒருத்தன்தான். கோயில்ல கீபோர்டு வாசிப்பான்லா, அவன். பாட்டுப் பயிற்சியில, "நீ ஏன் வாயைத் தொறந்து பாட மாட்டுக்க? வீட்டுல எதாவது சங்கடமா?"ன்னு கேட்டான். அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல்ல. இதுக்குப் பேரு லவ்வுன்னா லவ்வுதான், திட்டாதீங்க.

நம்ம தெருக்காரங்க வீடு வீடா முறை வச்சு ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நேத்து நம்ம வீட்டுல. பாட்டுக்கு வாசிக்க ஜெஃப்ரினும் கீபோர்டோட வந்திருந்தான். ஜெபமாலை முடிஞ்சு ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லணும், எல்லாரும் "கேட்டருளும் ஆண்டவரே" சொல்லணும். அப்பா கண்ணை மூடிக்கிட்டு, "இந்த வீட்டுப் பெண்களுக்கு அடக்க ஒடுக்கத்தைத் தாரும்"னு ஆரம்பிச்சாரு. எல்லாரும் கேட்டருளும்னாவ. அம்மை விடுவாவளா? "ஒரு துண்டு கறிக்காக மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுதவங்களை மனந்திருப்பும்." இதுக்குப் பொம்பளையெல்லாம் சத்தமா கேட்டருளும்! அடுத்து ஜெஃப்ரினுக்க அம்மை, மகனுக்கு துபாய் விசா சீக்கிரம் வரணும்னு கண்ணீரோட கேட்டாவ. அவன் போறது எனக்கு அப்பதான் தெரியும். அடுத்த முறை எனக்கு. மனசுக்குள்ள சொல்ல வேண்டியதை எப்படித்தான் வாய்விட்டுச் சொன்னேனோ மாதாவே, "ஜெஃப்ரினுக்கு விசா வரப்பிடாது ஆண்டவரே"ன்னுட்டேன். சொல்லிச் சொல்லிப் பழகின வாயி, மொத்தத் தெருவும் ஒரே குரல்ல, "கேட்டருளும் ஆண்டவரே!" அவனுக்க அம்மையும் சேர்ந்துதான் சொன்னாவ.

பொறவுதான் என்ன சொன்னோம்னு விளங்கிச்சு. அவிச்ச கடலையை யாரும் தொடல்ல. ஜெஃப்ரின் கீபோர்டு வயரைச் சுருட்டிக்கிட்டு என்னைப் பார்க்காமலே போயிட்டான். நான் அடி விழும்னு காத்திருந்தேன் சித்தி. அம்மை டம்ளர் கழுவப் போனாவ, அப்பா முற்றத்துக்குப் போனாரு. அடிச்சிருந்தாக்கூட ஒருத்தராவது எனக்கிட்ட வந்தமாதிரி இருந்திருக்கும். தனியா இருந்து அழுதேன்.

ஆகவே சித்தி, தாங்கள் உடனே போன் போட்டு அவர்கள் இருவரையும் எப்படியாவது பேச வைக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். அவங்க ரெண்டு பேரும் பேசிட்டா பொறவு எனக்கிட்டயும் பேசுவாங்க.

சித்தப்பாவுக்கு என் தோத்திரம். குட்டித் தம்பிக்கு முத்தங்கள்.

அன்பு மகள்,
அபினா

பின்குறிப்பு: போன் போட வேண்டாம் சித்தி. விடிஞ்சதிலிருந்து ரெண்டு பேரும் அடுக்களையில ஒரே பெஞ்சுல இருந்து பேசுதாவ. என்னை எந்த ஹாஸ்டல்ல கொண்டு விடலாம்னு. தூத்துக்குடி கன்னியாஸ்திரீ மடம் நல்லதுன்னு அம்மை சொல்ல, நீ சொன்னா சரிதான்னு அப்பா சொல்லுதாரு. அம்மை சிரிக்கக்கூட செய்தாவ. நான் உள்ள போனா பேச்சை நிறுத்திருதாவ. அதனால வெளியிலேயே நிக்கேன்.