சித்தப்பாவின் இரக்கமும் இரண்டு டப்பாக்களும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். தேனீக்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் நீங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது இரண்டு இன்குபேட்டர்களைக் காட்டினேன் அல்லவா? ஒன்றில் தேன்கூட்டின் இயல்பான சூடு, மற்றதில் ஐந்தாறு டிகிரி கூடுதல். இரண்டிலும் ஒரே மாதிரி டப்பாவில் தேனீயின் கூட்டுப்புழுக்கள். புழுவுக்குக் கண்ணும் இறக்கையும் எழுப்புகிற கொத்தனார்கள் நொதிகள்தான், சூடு, பட்டினி என்று துன்பம் வந்தால் வேறு சில நொதிகள் தீயணைக்க ஓடி வரும், வாடுகிற புழுவில் அவை எவ்வளவு கூடுகின்றன என்று அளப்பதே என் இரண்டு வருட வேலை என்றேன். "தூங்குற பிள்ளைங்கம்மா, இப்படிப் போட்டு வாட்டுறியே!" என்றீர்கள். நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பும்போது கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். முப்பது வருடம் பேருந்தில் வெயில் பக்கத்துக் குழந்தைகளை நிழல் பக்கம் மாற்றி உட்காரவைத்த கண்டக்டர் கை, என் டப்பாக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் எப்படிக் கேட்பது? வழியனுப்ப வாசல்வரை வந்தேன். "மூக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்" என்று நீங்கள் மட்டும் உள்ளே போய் வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன். பேருந்து கிளம்பியதும் ஓடிவந்து டப்பாக்களைப் பழையபடி மாற்றினேன். எது எந்தச் சூட்டுக்கு என்று காட்டும் எண் டப்பாவின் அடியில் இருக்கிறது. புழுக்கள் புரளக் கூடாதென்று சாய்த்துப் பார்க்கவில்லை.

இப்போது முடிவு வந்துவிட்டது. சுகமாகத் தூங்கிய புழுக்களில் தீயணைப்பு நொதி எகிறியிருக்கிறது. வெந்தவையோ ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கின்றன. பேராசிரியர் துள்ளுகிறார். "உலகத்துல யாரும் பார்க்காததும்மா இது! நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீதான் வாசிக்கணும்." எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. சுகமான டப்பாவுக்கு நீங்கள் வேறு ஏதாவது உபகாரம் செய்தீர்களா? விசிறினீர்களா? தட்டிக்கொடுத்தீர்களா? கோபமில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி நிறைய வேண்டும்; இரக்கம் இப்போதைக்குப் போதும்.

இப்படிக்கு,
மகள்

பின்குறிப்பு: பதில் வரும்வரை பொறுக்காமல் போனிலேயே கேட்டுவிட்டேன். "அட, உன் ரெண்டு வருஷ வேலை கெட்டுடுமேன்னு கண்ணாடி எடுக்கிற சாக்குல வந்து நானே பழையபடி வெச்சுட்டுத்தானே போனேன்! தெரிஞ்சா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல" என்றீர்கள். ஆக, புழுக்களை இடம் மாற்றியது நான். எனவே இது இனி உங்களுக்கான கடிதம் அல்ல. நாளை அறிக்கைக்குப் பதிலாக எல்லோர் முன்பும் இதைத்தான் வாசிக்கப்போகிறேன்.