உருண்டை வாய் மூடிய விவரம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் சம்பந்தியம்மா இதற்குள் என் மனைவியிடம் சொல்லியிருப்பார், என் மனைவி அதில் பாதியையாவது என்னிடம் சொல்லியிருப்பாள். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. நான் முதல் கியர் போட்டு நகர்வதற்குள் ஓவர்டேக் செய்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

விஷயம் உருண்டையைப் பற்றியது. பிள்ளைகள் இருவரும் வேலைக்காக வெளிநாடு கிளம்பிய அன்று, மருமகள் தன் நாய் உருண்டையின் கழுத்துவாரை என் கையில் கொடுத்து, "மாமா, இவனைப் பாத்துக்கங்க" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து உங்கள் மகள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அதற்கு முன்பு எங்களுக்குள், "காபி வேணுமா மாமா", "வேணாம்மா" என்ற அளவில்தான் போக்குவரத்து இருந்தது. அதனால் அந்த வாரை நான் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, பொறுப்போடு வாங்கிக்கொண்டேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஒருநாள் நீங்கள் போன் செய்தபோது உருண்டை பக்கத்தில் குரைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல இருந்தவரைக்கும் அவன் சத்தமே போட மாட்டான் சம்பந்தி. முடியலேன்னா சொல்லுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆயுள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள், ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டவர்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடியவர்கள், இப்படி எத்தனையோ பேரைத் தேற்றி லைசென்ஸ் வாங்க வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னால் நாலு கால் உள்ள ஒரு ஜீவனுக்கு வாயை மூடக் கற்றுத்தர முடியாதா என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்த நேரமும் சரியாக இருந்தது, ஏனென்றால் மறுநாளே ஹவுஸ் ஓனர் வந்து நின்றார். காலிங் பெல் அடித்தார், உருண்டை குரைத்தான், அவர் வாசலில் நின்றபடியே, "இதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார். "மாடியில நர்ஸம்மா ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கறாங்க. கீழ சத்தம் தாங்கலைன்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள நாய் அமைதியாகணும், இல்லேன்னா நாய் இங்க இருக்கக் கூடாது." நான், "மாசக் கடைசி எதுக்கு, அதுக்கு முன்னாடியே பாருங்க" என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

முதலில் கண்டிப்பு. அதுவரை அவ்வப்போது அதட்டியதை இனி முறைப்படி செய்வது என்று வைத்தேன். கற்றுக்கொள்பவரைக் குழப்பக் கூடாது, ஒரே சொல், ஒரே குரல் என்பது என் பழைய முறை. அவன் குரைத்த போதெல்லாம், வண்டி லாரிக்கு அடியில் போகப் போகிற சமயத்தில் நான் எழுப்புகிற குரலில், "நிறுத்து" என்றேன். உருண்டைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. குரைப்பதற்கு முழுநேரத் துணை கிடைத்த சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் பலமாகக் குரைத்தான். நானும் விடவில்லை. மூன்றாம் நாள் மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வந்தாள், கண் இரண்டும் சிவந்து, தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்து. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாய் சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது. வார்டுல மெஷின் சத்தத்துக்கு நடுவுலயே உக்காந்திருக்கறவ நான். அது குரைச்சா புரண்டு படுத்துக்குவேன். நீங்க 'நிறுத்து நிறுத்து'ன்னு கத்தறதுலதான் எழுந்து உக்காந்துடறேன். யாரோ என் ஸ்கூட்டரை மடக்கற மாதிரியே கனவு வருது." ஓனரிடம் புகார் செய்தது பற்றிக் கேட்டேன். "சத்தம்னுதான் சொன்னேன் சார். நாய்னு நான் சொல்லவே இல்ல" என்றாள். இதை நான் ஓனரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால் நாம் சம்பந்தி என்பதால்தான்.

ஆகவே குரலை விட்டுவிட்டுச் சூழ்நிலையைக் கையில் எடுத்தேன். வாசல் பக்கத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துத்தானே குரைக்கிறான், பார்க்கவே முடியாமல் செய்துவிட்டால் என்ன என்று ஜன்னல் கண்ணாடி முழுவதும் செய்தித்தாள் ஒட்டினேன். ஹால் இருண்டுபோய் நடுப்பகலில் லைட் போட வேண்டியதாயிற்று. இதற்கு முன்பு போகிறவர் யாரென்று பார்த்து, ஒன்றிரண்டு தரம் குரைத்துவிட்டு விட்டுவிடுவான். இப்போது யாரென்று தெரியாததால் ஒவ்வொரு காலடிக்கும் குரைத்தான். போதாததற்குத் தெருவில் போனவர்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு வீடு காலி என்று நினைத்துக்கொண்டார்கள். கூரியர்காரர் என் முட்டிக்கு வரவழைத்த தைலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "வீடு வாடகைக்கு வருதாமே" என்று கேட்டுக் குடும்பம் குடும்பமாக வந்து பெல் அடித்தார்கள். அதில் ஒரு அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணி வேகம் பத்தாதே" என்றாள். என் மனைவி, "நாங்களும் அதையேதான் சொல்லிட்டிருக்கோம்" என்று அவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பெல்லுக்குப் பெல் உருண்டை குரைத்தான்.

அப்புறம்தான் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் சின்ன வயசுக்காரர், நன்றாகத்தான் சொன்னார். "முதல்ல சொன்னா குரைக்கக் கத்துக்குடுங்க சார். சொல்லிக் குரைக்கத் தெரிஞ்சவனை, சொல்லி நிறுத்தறது சுலபம்." இது எனக்கு உடனே புரிந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யத் தெரியாதவனுக்கு ஆஃப் செய்வதை எப்படிக் கற்றுத்தருவது. குரைப்பதற்கு "பேசு" என்றும், நிறுத்துவதற்கு வீட்டில் யாரும் தப்பித் தவறிச் சொல்லிவிடாத சொல்லாக இருக்கட்டும் என்று "நிசப்தம்" என்றும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு பிஸ்கட். சம்பந்தி, அவன் மகா புத்திசாலி, அதை உங்கள் வீட்டு வளர்ப்பு என்றே ஒப்புக்கொள்கிறேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். ஆனால் "பேசு" என்ற சொல் ஒரு குடும்பத்தில் எத்தனை தடவை புழங்குகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் மனைவி போனை எடுத்து, "இரு, அவர்கிட்ட பேசு" என்றால் குரைப்பான். "அப்பறம் பேசுவோம்" என்றால் குரைப்பான். டிவியில் யாரோ, "தைரியமாகப் பேசுங்கள்" என்றால் சோபாவில் ஏறி நின்று குரைப்பான். என்னோடு லைசென்ஸ் ஆபீசில் பழகிய நண்பர் ஒருவர் தன் அண்ணன் தவறிப்போனதைச் சொல்லப் போன் செய்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டி, "துக்கத்துல இருக்காரு, ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசுங்க" என்றாள். அதன் பிறகு நடந்ததை எழுதுவதற்கில்லை. நான் பதறிப்போய் நாயைப் பார்த்து, "நிசப்தம், நிசப்தம்" என்றதை நண்பர் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. குரைத்தால்தானே நான் நிசப்தம் என்பேன், நிசப்தம் என்றால்தானே பிஸ்கட் வரும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். சும்மா படுத்திருப்பவன் எழுந்து வந்து, ஒரே ஒரு தரம் குரைத்து, வாயை மூடிக்கொண்டு என் சட்டைப் பையைப் பார்ப்பான். "இந்த வீட்ல இப்ப சம்பாதிக்கறது அவன் ஒருத்தன்தான்" என்றாள் என் மனைவி. ஏற்கெனவே உருண்டை, டாக்டர் எடை பார்த்துவிட்டுப் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் விட்டுவிட்டிருப்பீர்கள். எனக்கும் ஒருநாள் சாயங்காலம் மனம் விட்டுத்தான் போயிற்று. மாசக் கடைசி நெருங்கிவிட்டது. தினமும் வீடியோவில் வரும் மருமகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியைத் தேடி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நடையில் நான் போட்டிருந்த அவன் படுக்கையில் மண்டியிட்டுக் கிடந்தேன். அப்போது பெல் அடித்தது. அவன் உயரத்திலிருந்து நானும் வாசலைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காலடி கேட்கிறது, கதவு கேட்கிறது, யாரென்று தெரியவில்லை. சம்பந்தி, எதிரில் என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் என்ன செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஹாரன் அடிக்க வேண்டும். அவன் சரியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை வளைவில் கொண்டு நிறுத்தியது நான்.

அன்றே செய்தித்தாளைக் கிழித்தேன். படுக்கையை ஹாலில், வாசற்கதவு முழுதாகத் தெரிகிற மூலையில் போட்டேன். பெல் அடித்தால், "இடம்" என்பேன். அங்கே போய்ப் படுத்தால், படுத்திருக்கும்வரை வேகவைத்த காரட் துண்டு, ஒவ்வொன்றாக. பெல் அடிக்க ஆள் வேண்டுமே, என் மனைவியை வாசலில் நிறுத்தினேன். அவள் அடிப்பாள், நான் திறப்பேன், மறுபடி வெளியே அனுப்பிச் சாத்துவேன். "என் வீட்டு வாசல்ல நானே நின்னு பெல் அடிச்சிட்டிருக்கேன். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நினைக்கவே செய்தார். மெதுவாகக் கிட்டே வந்து, "எதுவா இருந்தாலும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க அக்கா" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

பயிற்சி நடக்க நடக்க ஒன்றைக் கவனித்தேன். கதவு திறந்ததும் உருண்டை காதை நிமிர்த்தி வருகிறவர் முகத்தைப் பார்ப்பான். பார்த்ததும் காது தானாக மடங்கிவிடும். "நம்ம மருமகளைத்தான் தேடறான்" என்றாள் என் மனைவி. இன்னொரு காரட் துண்டு கொடுத்தேன்.

மாசக் கடைசி அன்று ஹவுஸ் ஓனர் வந்து பெல் அடித்தார். நான் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, கொஞ்சம் வருத்தமாகவே, "நாயை அனுப்பிட்டீங்களா சார்?" என்றார். "உங்க பின்னாடிதான் படுத்திருக்கான்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். உருண்டையும் அவரைப் பார்த்தான். இருவரும் சத்தம் போடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போது ஓனர் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல என் மச்சான் வந்து தங்கியிருக்கான். அவனுக்கும் இந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். காரட் பிடிக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

அன்று மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "தேங்க்ஸ் மாமா" என்றாள். உருண்டையைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. என் முட்டி வலியைக் கேட்டாள், அங்கே வலதுபக்கம் வண்டி ஓட்டுகிறார்கள் என்றாள், தனக்கும் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை என்றாள். திரும்பி வந்ததும் நானே கற்றுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே சம்பந்தி, நீங்கள் உருண்டைக்காகச் சிரமப்பட்டு வர வேண்டாம். அவனை அனுப்புவதாக இல்லை. உங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது நாய் தொல்லை இருந்தால், என் நம்பரைத் தாராளமாகக் கொடுக்கலாம். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் இரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்கட்டும், பிள்ளைகள் எங்கிருந்தாலும் குறையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன நிம்மதியுடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாடி நர்ஸ் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே குட்டி நாய். "உங்க உருண்டையைப் பாத்துதான் சார் எனக்கும் ஒண்ணு வளர்க்கற தைரியம் வந்துச்சு" என்றாள். அது மாடியில் கத்த ஆரம்பித்தது முதல் இவன் கீழே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேல்தளத்துக்கு நான் எங்கே ஜன்னல் வைப்பது. இதை நான்கு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். நான்கு நாளாக இந்த வீட்டில் நர்ஸைத் தவிர யாரும் தூங்கவில்லை. அவளுக்குத்தான் பழக்கமாயிற்றே. உருண்டையை அனுப்ப மாட்டேன் என்று மேலே எழுதியது எழுதியதுதான், அதில் மாற்றமில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு நாங்களே வருகிறோம். சனிக்கிழமை மதியத்துக்குள் அங்கே இருப்போம். உபசாரம் எதுவும் வேண்டாம். உள்ளறையில் படுக்கையைப் போட்டுத் திரையை இழுத்துவிட்டு வையுங்கள், மற்றதை நாங்கள் எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.