நான் கொதிக்க வைத்த யெல்லோஸ்டோன்

இயந்திரம் எதையும் தொடாதவரை, பார்க்கிறவர்கள் என்னைப் புத்திசாலி என்றுதான் நினைப்பார்கள். அந்த நல்ல பெயரை நான் தொலைத்தது சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில்.

அறுபதுகளின் தொடக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு மாவு மில்லில் மூட்டை தூக்கிவிட்டு, அதன் வாசல் நடைபாதையிலேயே படுத்துக்கொள்வேன். (மழை வந்தால் உட்கார்ந்தபடி தூக்கம்.) ஒரே இடத்தில் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம், மற்றதெல்லாம் பழகிவிட்டது.

சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் மில் அலுவலகக் குமாஸ்தா. விடுமுறை நாள்களில் ஸ்லைடு இயந்திரம் வைத்து, திரையில் அசையாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசுவார். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற இடத்தில் நிலத்துக்குள்ளிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும், சேறு கொதிக்கும். முதலில் பார்த்து வந்தவர்களை ஊரார் பொய்யர்கள் என்றார்கள். பிறகு ஒரு குழு ஓர் ஓவியரையும் ஒரு புகைப்படக்காரரையும் அழைத்துப் போனது. படமெடுக்கும் கனத்த கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள் மலையேற்றின. கூடாரத்துக்குள்ளேயே படம் கழுவினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் அரசாங்கமே நம்பி அதைத் தேசியப் பூங்கா ஆக்கியது. கேட்ட நாளிலிருந்து அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பைத்தியம்.

அவர் அடுத்து மலாயாத் தோட்டங்களுக்குப் படம் காட்டப் போகவிருந்தார். இயந்திரம் ஓட்ட ஆள் வேண்டும். தஞ்சோங் பகாரில் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அந்த ஆள் நான்தான்.

படம் தொடங்கியதும், கப்பலில் சரக்கு இறக்கும் ராமையா பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஐயா, செம்பவாங்லயும்தான் சுடுதண்ணி வருது. முட்டை அவிக்கத்தான் பத்தும். பனமர உசரத்துக்கு அடிக்குதுன்னா எப்படி லா நம்புறது?"

கூட்டம் சிரித்தது. சிவகுருநாதன் சொன்ன பதில், இயந்திரத்து விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. (இங்கேதான் என் மூளை வேலை செய்தது.) விளக்குக்கு ஒரு சுவிட்ச், விசிறிக்கு ஒரு சுவிட்ச். விசிறியை அணைத்தேன். அவர் குரல் கணீரென்று கேட்டது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

விளக்குச் சூட்டில் ஃபிலிம் உருகாமல் இருக்கத்தான் அந்த விசிறி என்று யார் கண்டது?

திரையில் பெரிய வெந்நீர் ஊற்று. அதன் நடுவில் ஒரு குமிழ் கிளம்பியது. பிறகு நாலைந்து. ஊற்று பழுப்பாகிப் பொங்கியது. இயந்திரத்திலிருந்து புகை வேறு. பின்வரிசை எழுந்து முன்னால் வந்தது.

"கொதிக்குதுடா," என்றார் ராமையா, மிகுந்த மரியாதையோடு.

சிவகுருநாதன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவர் மட்டும் தட்டவில்லை. அந்த ஊற்றுக்கு வேறு பிரதி இல்லை. கருகிய படத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மலாயாவும் அதோடு கருகியது என்று வாசல்வரை நழுவிவிட்டேன். கூப்பிட்டார்.

"தம்பி, இனி இந்த மிசினை நீர் தொடக்கூடாது. பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வாரும். யெல்லோஸ்டோன் போனவையளுக்குக் கோவேறு கழுதை இருந்தது. எனக்கு நீர்."

அப்படித்தான் மலாயாவைச் சுற்றிப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு ராமையா எனக்கு மாமனாரானார். ஊற்று கொதித்ததை மகளிடம் அவர் சொல்லாத நாளில்லை. இன்றும் புது மிக்சியோ டிவியோ வாங்கி வந்தால், என் மனைவி வாசலிலேயே வழிமறிப்பாள்.

"கழுதை சுமந்தது போதும். அங்கயே வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க."

வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். யெல்லோஸ்டோனை உலகம் நம்பியதில் கழுதைக்கும் பங்குண்டு.