எங்கள் கிணற்றில் எண்ணெய் உயர்ந்த விதம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். சர்க்கார் விஷயத்தில் ஒரு வார்த்தை பிசகினாலும் ஆபத்து. ஆனாலும் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். எல்லோரும் ஆயில் எஞ்சின் வைக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரரும் ஒன்று வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்தார். அது தண்ணீர் இறைத்ததைவிட எண்ணெய் ஒழுகவிட்டதுதான் அதிகம். போன வருஷம் அதை விற்றுவிட்டோம். கிணற்றில் எண்ணெய்ப் படலம் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் மிச்சமிருந்தது.

சித்திரை மாசம் மத்தியாஸ் என்ற ஆபீசர் ஜீப்பில் வந்தார். பூமியில் எண்ணெய் தேடுகிற உத்தியோகம். கிணற்றை எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எஞ்சின் ஒழுகுனதுங்க, சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எஞ்சினுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது?"

"கடையிலிருந்துங்க."

"கடைக்கு?"

வீட்டுக்காரர் யோசித்தார். "பூமியிலிருந்துதானுங்க."

"அப்போ இது பூமி எண்ணெய்தானே! வயசான எண்ணெய் வயல். ஊற்று தளர்ந்து போயிருக்கிறது. பக்கத்தில் குழி தோண்டித் தண்ணீர் செலுத்தினால், தண்ணீர் அடியில் போய் எண்ணெயை மேலே தள்ளும். அமெரிக்காவில் இப்போ இதுதான் முறை."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, குடிக்கவே தண்ணி இல்லாத மாசத்துல மண்ணுக்குள்ளே ஊத்தலாமுங்களா?"

"அம்மா, இது விஞ்ஞானம்."

ஊர்க் குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் முழுக்கப் பீப்பாய் வண்டிகளில் வந்து எங்கள் குழிக்குள் போனது. குளம் காய்ந்தது. எங்கள் கிணறு ஏறியது. தண்ணீர் ஏறினால் மேலே மிதக்கும் எண்ணெயும் ஏறாதா? 'மேற்படி கிணற்றில் எண்ணெய் மட்டம் ஆறடி உயர்ந்துள்ளது' என்று ஆபீசர் மேலிடத்துக்கு எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வேலி போட்டிருந்தார்கள்.

"எண்ணெய் சர்க்காருடையது. அடியில் இருக்கிற தண்ணீர் உங்களுடையது. எண்ணெயைத் தொடாமல் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்" என்றார் ஆபீசர்.

"எப்படிங்க?"

"அது உங்கள் சௌகரியம். ஆனால் எண்ணெய் குறைந்தால் வீட்டுக்காரர்தான் சமாதானம் சொல்ல வேண்டிவரும்."

குடத்தில் ஒட்டிக்கொண்டு எண்ணெய் குறையத்தான் செய்தது. வீட்டுக்காரரை ஜெயிலில் போட்டுவிட்டால் என் கதி என்ன? விளக்குக்கு வைத்திருந்த சீமெண்ணெயைத் தினம் கொஞ்சம் கிணற்றில் ஊற்றினேன். ஆபீசர் அதை மோந்து பார்த்துப் பரவசமானார். "சுத்திகரித்த எண்ணெயாகவே வருகிறது!"

பக்கத்துத் தோட்டத்துக் கமலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க கெணத்துக்கு மட்டும் என்னக்கா ஜீப்பு மரியாதை? எங்க கெணறு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உனக்குக் குடிக்கத் தண்ணி வேண்டாமா கமலா?"

"தண்ணி யாரு ஊட்லதான் இல்லே! பொண்ணு பார்க்க வந்தவங்க எண்ணெய்க் கெணறு இருக்கான்னு கேக்கறாங்கக்கா."

மறுநாள் அவள் கிணற்றிலும் எண்ணெய் மினுங்கியது. அப்புறம் நஞ்சப்பன் கிணற்றில். அப்புறம் ஊர் முழுக்க. எண்ணெய் வயல் பரவுகிறது என்று ஆபீசருக்கு உத்தியோக உயர்வு வந்தது. எல்லாக் கிணற்றுக்கும் வேலி வந்தது. இப்போது எங்கள் ஊரில் எண்ணெய் இல்லாத கிணறு கிடையாது. எண்ணெய் இருக்கிற விளக்கும் கிடையாது.

குடிதண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுகிறோம். நேற்று நான் தோண்டிய ஊற்றைக் கமலாத்தாள் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, இதுலயும் ஏதோ மினுங்குதே!"

நான் மணலை இழுத்துப்போட்டு ஊற்றை மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டு, வெறுங்குடத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.