பானுப்ரியா டீச்சர் வரைந்த பேட்ஜ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. கையில் இருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள். போனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். சிரித்துவிட்டு எழுந்து போகலாம்.

"டீச்சர், அந்த மூக்குக்கண்ணாடிய எடுத்துடுங்க" என்றார் பள்ளிக்குக் காலை டீ கொண்டுவந்த டீக்கடைக் கண்ணையன்.

பானுப்ரியா தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணாடி போடுவதே இல்லை.

"ஒங்க மூஞ்சில இல்லீங்க. போன்ல."

கங்கைகொண்ட சோழபுரம் போகும் வழியில் இருக்கிறது அந்த நடுநிலைப் பள்ளி. பானுப்ரியா அங்கே தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். பிள்ளைகளைப் பாராட்டி டிஜிட்டல் பேட்ஜ் வரைந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புகாரும் இல்லாமல் அது நடந்தால் அடுத்த வருஷமும் வேலை உண்டு என்று தலைமையாசிரியர் முத்தமிழ் சொல்லியிருந்தார். அதனால் நிறைய வாசிக்கும் பிள்ளைகளுக்கென்று மூக்குக்கண்ணாடி படம் போட்ட பேட்ஜை முந்தின நாள் சாயங்காலம் அனுப்பியிருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு, கண்ணையண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது சின்னதுரை அண்ணனோட சின்னம். வார்டு மெம்பருக்கு நிக்கிறாருல்ல, நேத்துதான் ஒதுக்குனாங்க."

டீ ஆறுவதற்குள் ஸ்கூட்டி வந்து நின்றது. சின்னதுரையை எதிர்த்து நிற்கும் புவனேஸ்வரி இறங்கினாள். அவள் மகன் ஏழாம் வகுப்பு.

"ஏன் டீச்சர், எம் புள்ளைக்கே எதிராளி சின்னத்தக் குத்தி வூட்டுக்கு அனுப்புறீங்களே, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

அவள் போனதும் முத்தமிழ் சார் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "தேர்தல் நேரம்மா. ஒரு புகார் போச்சுன்னா என்னைய தூக்கி எங்கியாவது போட்டுடுவாங்க. நீங்க நேரா வூட்டுக்கே போயிடுவீங்க."

பானுப்ரியா யோசித்தாள். ஒருவர் சின்னம் இருந்தால்தானே தப்பு? இரண்டு பேருடையதும் இருந்துவிட்டால் சரியாகிவிடும். புவனேஸ்வரியின் சின்னம் சீப்பு. சுத்தமாக வரும் பிள்ளைகளுக்கென்று ஒரு சீப்பு பேட்ஜ் வரைந்து அனுப்பினாள்.

மத்தியானம் ஸ்கூட்டி மறுபடி வந்தது.

"அவரு கண்ணாடி படிக்கிற புள்ளைக்கி, என் சீப்பு தல சீவுற புள்ளைக்கா? அப்ப நான் படிக்காதவள்னு ஊருக்கே சொல்றீங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னதுரையிடமிருந்து போன். "என்ன டீச்சர், அந்தம்மா சீப்பு ஊரு பூரா போயிருக்கு. என் கண்ணாடி மூணே மூணு புள்ளைக்கித்தான் வந்துருக்கு. நம்மூர்ல வாசிக்கிற புள்ளைங்க அவ்வளவுதானா?"

ஆமாம் என்ற உண்மை பானுப்ரியாவின் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது.

இரண்டு பேட்ஜையும் அழித்தாள். பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பிள்ளைகளுக்குக் கத்தரிக்காய் வரைந்தாள். இந்த முறை அனுப்பும் முன்பே, சாயங்கால டீ கொண்டுவந்த கண்ணையனிடம் காட்டினாள்.

"கத்திரிக்கா ரெண்டாவது வார்டுங்க."

"தண்ணிக் கொழாய்?"

"மூணாவது வார்டு."

"சரி, பல்பு?"

"அது பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கிறவரோடது. டீச்சர், தொட்டுடாதீங்க."

பானுப்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "யாரும் நிக்காத சாமான் ஒண்ணுகூடவா இல்ல இந்த ஊர்ல?"

கண்ணையன் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "சாமானே எதுக்குங்க? வெறும் வட்டமா போட்டுடுங்க. வெள்ளையா. உள்ளார ஒரு கோடு, ஓரத்துல ஒரு கோடு. யாரு என்ன கேக்கப் போறா?"

"வெறிச்சோன்னு இருக்காதா?"

"கீழ 'வெற்றி உனதே'ன்னு எழுதிடுங்க. புள்ளைங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

வரைந்ததைப் பார்த்த முத்தமிழ் சார் விசிறியை நிறுத்தினார். "இதாம்மா பேட்ஜ். பாக்கவே நிம்மதியா இருக்கு."

வாசிக்கிற பிள்ளை, தலை சீவுகிற பிள்ளை, தண்ணீர் ஊற்றுகிற பிள்ளை, நேரத்துக்கு வருகிற பிள்ளை, எல்லாருக்கும் ஒரே வட்டம். விட்டுப்போனதாக ஒரு வீடும் இல்லை. புவனேஸ்வரி கைதட்டும் படம் அனுப்பினாள். சின்னதுரை தன் பேத்திக்கு வந்த வட்டத்தை எடுத்து ஸ்டேட்டஸில் வைத்து, கீழே இரண்டு வரி வாழ்த்தும் எழுதினார். வெள்ளிக்கிழமை வந்தது, புகார் வரவில்லை. முத்தமிழ் சார் அடுத்த வருஷத்துக்கான வேலை உத்தரவைச் சிரித்த முகத்தோடு நீட்டினார்.

அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு பானுப்ரியா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கண்ணையன் மனைவி வீரம்மாள் தட்டு நிறையச் சூடான வாழைக்காய் பஜ்ஜியோடு வாசலில் நின்றாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"இருக்கட்டும் டீச்சர். ஒரு போஸ்டர் அடிக்கக்கூட வழியில்லாம சின்னதுரை அண்ணன் வார்டுலயே நானும் தட்டு சின்னத்துல நிக்கிறேன். ஒங்க புண்ணியத்துல அவரே என் சின்னத்த ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காரு."

சரி, எழுந்திருங்கள், செல்லங்களே. வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுத் தட்டில் எந்நாளும் சோறு குறையாமல், சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆளும் குறையாமல் இருக்கட்டும்.